பிறக்கவும் இறக்கவும் தடை செய்யப்பட்ட தீவு

கிரேக்கத்துக்குப் போகிறவர்கள் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றேறி இறங்கிய கையோடு, சாண்டோரினியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நாட்டின் கடலையும் தொன்மையையும் ஒரே இடத்தில் காண வேண்டுமென்றால் டீலோஸுக்குப் போக வேண்டும்.

மைக்கோனோஸ் துறைமுகத்திலிருந்து படகில் அரைமணி நேரம். இறங்கினால் ஒதுங்க மரநிழல் இல்லை. மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பாறைத் தீவெங்கும் இடிந்த சுவர்களும் தூண்களும் வெயிலில் நிற்கின்றன. காவலர்களையும் தொல்லியலாளர்களையும் தவிர வேறு யாரும் இரவு தங்க முடியாது.

அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் என்னும் தெய்வங்கள் பிறந்த மண் இது என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. அந்தப் புனிதத்தைக் காக்க, கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் இங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி, எலும்புகளை எதிரிலுள்ள ரினியா தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியும் சாகக் கிடக்கும் கிழவரும் படகேறித்தான் ஆக வேண்டும். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், இதில் அதிகாரம்தான் எனக்கு அதிகம் தெரிந்தது. பாரசீகத்துக்கு எதிராகக் கிரேக்க நகரங்கள் கி.மு. 478இல் அமைத்த கூட்டணியின் கருவூலம் இந்தத் தீவில்தான் இருந்தது. கி.மு. 454இல் அதை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தினான் கோயில் எழும்பத் தொடங்கியது. கூட்டாளிகளின் பணத்தில் ஏதென்ஸ் தன்னை அலங்கரித்துக்கொள்கிறது என்று ஊருக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியதைப் பண்டைய எழுத்தாளர் புளூடார்க் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தூண்களை ஏதென்ஸில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த எனக்கு, டீலோஸ் அந்தக் கதையின் மறுபாதியாகத் தெரிந்தது.

பின்னாளில் ரோமர்கள் சுங்கவரியை நீக்கியதும் தீவு வணிகர்களால் நிறைந்தது. இத்தாலியர், சிரியர், எகிப்தியர், யூதர் எனப் பலரும் வந்து குடியேறினார்கள். எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயில் கிந்தோஸ் மலைச்சரிவில் நிற்கிறது. அரங்கை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களில்தான் நான் நெடுநேரம் நின்றேன். செட்டிநாட்டு வீடுகளைப் போல நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள். முற்றத்தில் விழும் மழைநீர் தரைக்கடியிலுள்ள தொட்டியில் சேரும். ஆறில்லாத தீவில் அதுதான் உயிர். ஒரு வீட்டின் முற்றத்தில், சிறகு முளைத்த சிறுவர்கள் டால்ஃபின்மேல் சவாரி செய்கிறார்கள். எல்லாம் சின்னஞ்சிறு கல் துண்டுகளால் இழைத்த தளம்.

இந்தச் செழிப்பில் அடிமை வணிகத்துக்கும் பங்குண்டு. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்றனுப்பக்கூடிய இடம் என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அதை அறிந்தபின் அந்தத் தளங்களின் அழகை மட்டும் தனியாக ரசிக்க என்னால் முடியவில்லை. ரசிக்கவும் கூடாது. கி.மு. 88இல் ரோமர்களோடு போரிட்ட மித்ரிடாட்டீஸ் மன்னனின் படையும், கி.மு. 69இல் கடற்கொள்ளையரும் தீவைச் சூறையாடினார்கள். வணிகம் வேறு துறைமுகங்களைத் தேடிப் போனது.

நக்ஸோஸ் மக்கள் காணிக்கையாக வைத்த பளிங்குச் சிங்கங்கள் முன்பு புனித ஏரியைப் பார்த்தபடி இருந்தன. மலேரியாவுக்கு அஞ்சி 1925 வாக்கில் ஏரியை வற்றவைத்துவிட்டார்கள். வெளியே இப்போது நிற்பவை நகல்கள். காற்று அரிக்காமல் இருக்க அசல் சிங்கங்களை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்று மட்டும் எப்போதோ கப்பலேறி, வெனிஸ் நகரத்தின் பழைய கப்பல்கட்டும் தளத்து வாசலில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. அதனால் டீலோஸைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். மைக்கோனோஸில் இறங்கிய மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தொப்பியும் போதிய தண்ணீரும் கையில் இருக்கட்டும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.