கிரயம் முறிந்தால் கைகொடுப்பது எது?

கமுதியில் கைதேர்ந்த பத்திர எழுத்தர், வீடு விற்க வருகிறவரிடம் விலையை மட்டும் கேட்டு விடமாட்டார். வரும் பணம் எங்கே போகிறது என்றும் கேட்டுவைப்பார். "மதுரையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாகிவிடுவார். இங்கே கிரயம் முறிந்தால் அங்கே கொடுத்த அட்வான்ஸும் ஆபத்தில்தான்.

முறிவதற்குக் காரணம் தேடவே வேண்டாம். வாங்குகிறவர் முண்டு மிளகாய்ப் பணத்தை நம்பிக் கெடு சொல்லியிருப்பார். அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலைக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை. சில நேரம் வெளிநாட்டுப் பணம் வந்து சேராது. சில நேரம் கூடப்பிறந்தவள் கையெழுத்துப் போட மறுப்பாள்.

பழைய வீடு விற்கும்வரை சமாளிக்க வங்கிகளில் குறுகிய கால இணைப்புக் கடன் உண்டு. பெரும்பாலும் இரண்டு ஆண்டுக் கெடு. நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு அது பொருந்தும். மூலப்பத்திரம் தேட வேண்டிய, பாகம் பிரியாத பூர்வீக வீட்டுக்கு வங்கியின் வழக்கறிஞர் லேசில் ஒப்புதல் தரமாட்டார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பேச்சு முறிந்த பிறகும் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். இரு தரப்பும் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் வழி பிறக்கும். வாங்க வந்தவரோ, அட்வான்ஸ் கைக்கு வராமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்தப் பணம்தான் மதுரைக்குப் போய்விட்டதே! விற்கவும் முடியாது, வீட்டின் பேரில் கடன் வாங்கவும் முடியாது.

ஆகவே, பீரோவில் இருக்கும் நகைதான் கைகொடுக்கிறது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி அறிவித்த விதிப்படி, நகைக்கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் கொடுக்கலாம். பத்து லட்சத்தை ஆறு மாதம் புரட்ட ஒரு ரூபாய் வட்டியில் 60,000 ஆகும்; மூன்று வட்டியில் 1,80,000. மதுரையில் கொடுத்த அட்வான்ஸ் இதைவிடக் குறைவென்றால் அதை விட்டுவிடுவதே லாபம். கௌரவம் பார்த்து இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் அதிகம்.

தனியாரிடம் போனால் இன்னும் கவனம் வேண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. இருந்தும், கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தமே எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குகளுக்கான சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் மறுப்பதற்கான இடம் குறைந்துவிட்டது. "சும்மா பேருக்குத்தாண்ணே" என்று யாராவது ஒப்பந்தம் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல எழுத்தரின் கைத்திறன், முறிந்தால் என்ன என்பதை முதலிலேயே எழுதிவிடுவதில் தெரியும். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு பிடித்தம், பணம் கைமாறும் அன்றே சார்பதிவாளர் முன் ரத்து. இந்த மூன்று வரிகளும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அட்வான்ஸ் வங்கி வழியே வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே அளவு தொகை அபராதமாகலாம். புதிய வீட்டை முதலில் வாங்கிவிட்டவர் ஓராண்டுக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும். தாண்டினால், அந்தப் புதிய வீட்டைக் காட்டி மூலதன ஆதாய வரியில் விலக்குக் கேட்க முடியாது.