மலைக்கு முன் கடல்

மூதூரில் நாங்கள் மலை என்று சொல்பவை சிறு கற்பாறைக் குன்றுகள்தான். மற்றபடி எங்கும் வயலும் கடலும். இலங்கையின் மிக நீளமான நதியான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. ஆற்றின் வாலைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அதன் தலைப்பக்கம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு வரும் ஓகஸ்ட் விடுமுறையில் கிடைக்கவிருக்கிறது.

எமது சுற்றாடல் கழகம் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மூன்று நாள் பயணம் ஒழுங்கு செய்துள்ளது. முதல் நாள் சைக்கிள், இரண்டாம் நாள் ரிவஸ்டன் பக்கம் மலையேற்றம், மூன்றாம் நாள் அடிவார நீர்த்தேக்கத்தில் துடுப்புப் படகு. கையைப் பொத்திப் பிடித்தால் புடைத்து நிற்கும் விரல் முட்டுகளைப் போலிருப்பதால் வெள்ளையர் இம்மலைகளுக்கு அப்பெயரை வைத்தார்களாம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இதுவும் அடங்கும். உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் வாழ்வது இங்கேதான்.

மலையே இல்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படி? கல்லூரியின் மாடிப்படிகள்தான் எங்கள் மலை. பாடசாலை விட்டதும் புத்தகப்பையில் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு போத்தல் தண்ணீரும் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு இருபது தடவை ஏறி இறங்குவோம். முதல் வாரம் முழங்கால் நடுங்கியது. நான்காம் வாரம் பேசிக்கொண்டே ஏறினோம். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கூடுதல் சோதனை என்பதையும் அங்கேயே கற்றுக்கொண்டோம்.

உடுப்பு விடயத்திலும் பாடம் இருந்தது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை குறையும். பருத்தித் துணி நனைந்தால் இலகுவில் காயாது; உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். எனவே விரைவில் உலரும் துணியில் முழங்கால் வரை நீண்ட சட்டையும் தளர்வான காற்சட்டையும் உம்மாவே தைத்துத் தந்தார். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை நீண்ட காலுறை, கிப்லாவுக்கும் பாதைக்குமாக ஒரு திசைகாட்டி.

ஆனால் சம்மதப் பத்திரத்தில் மட்டும் உம்மா கையொப்பமிடவில்லை. மலைக்கு அவர் பயப்படவில்லை. மூன்றாம் நாள் தண்ணீருக்குத்தான் பயந்தார். நான் பிறப்பதற்கு முன்னர், 2004 டிசம்பர் 26இல், கடல் சின்ன மாமாவைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து உம்மா கரைப்பக்கம் போனதே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

"உயிர்காப்பு அங்கி தருவாங்க உம்மா" என்றேன்.

"அங்கிய நம்பி அனுப்பேலாது மகள். நீந்தத் தெரியுமா உனக்கு?"

தெரியாது. எங்கள் வகுப்பில் கடற்கரையில் பிறந்த முப்பது பேரில் நீந்தத் தெரிந்தவர் இருவர்தான். பெண்பிள்ளைகள் நீந்தப் பழக இடமுமில்லை, பழக்க ஆளுமில்லை. கங்கையிலோ முதலை.

அப்போதுதான் உம்மம்மா வாய் திறந்தார். "உங்கும்மா சின்னதுல மீன் மாதிரி நீந்துவாள். அவளையே கேளு."

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து சுபஹுத் தொழுகை முடிந்ததும், "வா" என்றார். கச்சான் காலத்தில் எங்கள் கடல் குளம் போலக் கிடக்கும். ஆள் நடமாட்டமில்லாத கரையில் உம்மா வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார். அவருடைய கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மிதக்கப் பழக எனக்கு ஆறு நாள் சென்றது. ஒன்பதாம் நாள், எனக்குக் காட்டித் தருவதற்காக உம்மா பத்துப் பாகம் நீந்திப் போய்த் திரும்பினார். முகத்திலிருந்தது கடல்நீரா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

முகில் காட்டைப் பற்றி உயிரியல் டீச்சர் சொன்னதை அன்று உம்மாவுக்குச் சொன்னேன். மழை பெய்யாத நாளிலும் அங்கே மூடுபனி இலைகளிலும் பாசிகளிலும் படிந்து, துளியாகித் திரண்டு மண்ணில் சொட்டும். அந்த நீர் ஓடைகளாகிக் களுகங்கையில் சேரும். களுத்துறைக்குப் போகும் களுகங்கை வேறு. இது அம்பன் கங்கையோடு கலந்து மகாவலியில் விழுந்து எங்கள் குடாவுக்கே வந்துவிடும்.

"அப்ப நாம நிக்கிற தண்ணி அங்க இருந்தா வருது?" என்று கேட்டார் உம்மா.

"அதிலயும் கொஞ்சம் இருக்கும் உம்மா."

பத்திரத்தில் கையொப்பம் விழுந்துவிட்டது. பயணத்துக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன. மலையுச்சிக்கு ஏறுவேனா, பாதியில் மூச்சு வாங்கி உட்காருவேனா, அல்லாஹ்தான் அறிவான். ஆனால் சுபஹுக்குப் பின் கடலுக்குப் போவதை உம்மா நிறுத்தவில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு மாமி தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்.