பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?



போன வாரம் சித்தப்பா மகள் ஸ்டாக்ஹோமில் இருக்கும் என்னிடம் போனில் பேசினாள். காரமடைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறாள். மூன்று வயதுப் பையனுக்கு இன்னும் பேச்சு திருத்தமாக வரவில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "அம்மாக்காரி வேலைக்குப் போயிட்டா புள்ள எப்படீங்க பேசும்?" என்று அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "வேலைய விட்டறட்டுங்களாண்ணா?" என்று அழுதாள். விடாதே, குழந்தை டாக்டரிடம் காட்டு, காதையும் சோதிக்கச் சொல் என்றேன். அந்த உறவுக்காரருக்கும் ஊர்க்காரர்களுக்கும் என் பதில் இந்த மடல்.

நம் மேட்டுப்பாளையத்தில் அம்மாக்கள் எந்தக் காலத்தில் வேலை செய்யாமல் இருந்தார்கள்? உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு பிரித்தவர்கள் யார்? சிறுமுகைத் தறிகளுக்கு நூல் தார் சுற்றியவர்கள் யார்? என் அம்மா பாக்கு உரித்தார். பழைய சேலையில் கட்டிய தொட்டிலின் கயிறு அவர் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கும். கை காயை உரிக்க, கால் தொட்டிலை ஆட்டும். கிலோக் கணக்கில் கூலி என்பதால் கை நின்றால் காசு நின்றுவிடும். பாக்குக் கறை ஏறிய அந்த விரல்களால்தான் எங்களுக்குச் சோறு ஊட்டினார். திண்ணையில் உட்கார்ந்து செய்ததால் ஊர் அதை வேலை என்றே எண்ணவில்லை. மில் வேனும் மாதச் சம்பளமும் வந்த பிறகுதான் பிள்ளை கெட்டுப்போகுமே என்ற பேச்சு எழுந்திருக்கிறது.

மாறியது வேறொன்று. அன்றைக்கு அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டில் இருந்தார், அத்தை பக்கத்துத் தெருவில் இருந்தார். இன்று அம்மிச்சியே கூலி வேலைக்குப் போகிறார். எட்டு மணி நேர ஷிப்ட், அதோடு வேனில் போய் வரும் நேரம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, பேச்சும் நடையும் வரும் பருவத்தில், அந்தப் பத்து மணி நேரம் பிள்ளை யார் மடியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அம்மா வேலைக்குப் போவதால் மட்டும் பிள்ளை கெட்டுப்போவதில்லை என்றே ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்க அரசின் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம் 1991-ல் தொடங்கி, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிறர் கவனிப்பில் வளர்ந்ததா, அம்மாவிடமே வளர்ந்ததா என்பதைவிட, வீட்டுச் சூழலும் பெற்றோர் குழந்தையோடு பழகும் விதமுமே பிள்ளையின் வளர்ச்சியை அதிகம் தீர்மானித்தன. பராமரிப்பு நன்றாக இருந்தால் பேச்சும் அறிவும் கூடின. நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்த பிள்ளைகளிடம் அடம் சற்றுக் கூடியதும் தெரிந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஹார்வர்டு பேராசிரியர் கேத்லீன் மெக்கின் குழு பல நாடுகளில் பார்த்தபோது, வேலைக்குப் போன அம்மாக்களின் மகள்கள் தாங்களும் வேலையில் இருக்கும் வாய்ப்பு அதிகம், மகன்கள் வளர்ந்தபின் வீட்டு ஆட்களைக் கவனிக்கக் கூடுதல் நேரம் தருகிறார்கள் என்று கண்டது.

நான் வாழும் சுவீடன் 1974-லேயே பேறுகால விடுப்பை அப்பாவுக்கும் பொதுவாக்கியது. ஒரு குழந்தைக்கு இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் 90 நாள் அப்பாவுக்கே உரியது, அவர் எடுக்காவிட்டால் வீண். குழந்தைக்கு ஒரு வயதானதும் உள்ளாட்சி நிர்வாகம் பாலர் பள்ளியில் இடம் தந்தாக வேண்டும், கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. நான் விடுப்பில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போனில், "என்ன சாமி, வேலை போயிருச்சா?" என்று பதறினார். அப்பா பிள்ளை வளர்ப்பதை நம் ஊர் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறது என்பதற்கு அந்தப் பதற்றமே சாட்சி.

பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு பணக்கார மாநிலம் இல்லை. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியுமுன் வேன் ஏறும் அம்மாவின் பாரத்தில் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது பள்ளிப் பிள்ளைக்கு. கைக்குழந்தைக்கு என்ன? 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பேறுகாலப் பலன் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்பும், 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகமும் என்றது. பாக்கு உரிப்பவர் இந்த எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவருக்கு இருப்பது அங்கன்வாடி. அது ஷிப்ட் முடியும் வரை திறந்திருப்பதில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த ஒன்றிய அரசின் பால்னா திட்டம் 2022 முதல் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையையும் அதில் சேர்க்கலாம்.

அடுத்த முறை வார்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், சாக்கடையும் தெருவிளக்கும் கேட்பதோடு, மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தையும் கேளுங்கள். அதைக் கேட்க அம்மாக்களை மட்டும் அனுப்பாதீர்கள். அப்பாக்களே, நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள்.