தாய்வழிச் சீதனம்

பிழைப்பை நாடித் தலைநகர் டில்லிக்கு வந்து, அரசாங்கக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு, ஊரிலிருந்து வந்த சொத்தென்று ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறென்று சென்ற ஆண்டு அறிந்தோம்.

எம் அன்னையார் தமது 39ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார். கட்டியிருப்பதை ஓராண்டுக் காலம் எவரிடமும் கூறவில்லை. பெரியம்மாவும் அந்நோயிலேயே மறைந்தார். குடும்ப சாபம் என்றனர் உறவினர், யாமும் நம்பினோம்.

சாபமன்று, மரபணுவே காரணம் என்பதைத் தங்கையின் இரத்தப் பரிசோதனை உணர்த்தியது. 1994இல் அறிவியலார் பிரித்தறிந்த பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணுவில் பழுது. இப்பழுதுடைய பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு, 80 வயதுக்குள் மார்பகப் புற்று தோன்றக்கூடுமாம். தங்கைக்கு அப்போது வயது 38.

ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னார் மருத்துவர். “ஒன்று போதாதா?” என்று, சிக்கனம் பழகிய குமாஸ்தா மனத்தோடு வினவினோம். அவர் பொறுமையாக விளக்கினார். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியானது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. எம்.ஆர்.ஐ.யிலோ, நரம்பில் ஏற்றும் காடோலினியம் மருந்து கட்டியைப் பிரித்துக் காட்டும். நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைக் காண மேமோகிராமே ஏற்றது. ஆகவே, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

முதல் எம்.ஆர்.ஐ.யிலேயே ஒரு புள்ளி தென்பட்டது. பயாப்சி முடிவு வரப் பத்து நாள். வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை. இறுதியில், தீங்கற்ற கட்டி. இத்தகைய வீண் அச்சமும் இச்சோதனைக்குக் கொடுக்கும் விலையே என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் தங்கை சொன்னாள்: “அம்மா ஓராண்டு தனியாகப் பயந்தாள், அண்ணா. நான் பத்து நாள், உங்கள் எல்லோரோடும் சேர்ந்து பயந்தேன்.”

இப்பழுது ஆண் வழியாகவும் இறங்கும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்பு. எமக்கு 19 வயதில் மகள் இருக்கிறாள். “வரன் பார்க்கும் வேளையில் இதெல்லாம் எதற்கு?” என்கிறார் ஊரிலுள்ள மாமா. அவர் அன்பை யாம் அறிவோம். ஆயினும் குருதி கொடுத்துவிட்டோம். முடிவு இன்னும் வரவில்லை.

எது வந்தாலும் மகளிடம் மறைப்பதில்லை என்று மட்டும் தீர்மானித்திருக்கிறோம். எம் அன்னையார் விட்டுச்சென்ற மௌனத்தையும் சேர்த்து அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க எமக்கு மனமில்லை.