கயத்தாறும் பாரிஸும்

சரித்திர உபாத்தியாயர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கரும்பலகையில் வருஷத்தையும் தேதியையும் எழுதிவிட்டால் சரித்திரத்தையே சொல்லிக் கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வோம். இருபது வருஷ காலமாக இந்த வியாதியுடன் சுகமாகவே வாழ்ந்துவந்த நமக்கு, புரட்டாசிப் பிற்பாதியில் ஒரு நாள், கோவிற்பட்டியில் நம் வகுப்பறையிலேயே சிகிச்சை கிடைத்தது.

அன்று நெப்போலியன் போனபார்ட்டைப் பற்றிய பாடம். இது நமக்கு மிகவும் பிடித்த பாடம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி நாட்களில் விடுதி அறையில் நம் மேஜைக்கு மேலே, வெள்ளைக் குதிரையில் ஆல்ப்ஸ் மலை ஏறும் நெப்போலியனுடைய படத்தை ஒட்டி வைத்திருந்தோம். 1800-ம் வருஷத்தில் அவன் அந்த மலையைக் கடந்தது கோவேறு கழுதையின் மேல் என்று பிற்பாடு படித்தபோதுகூடப் படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

ஆகவே, 1769-ல் கார்ஸிகாத் தீவில் பிறந்த செல்வமில்லாத வீட்டுப் பிள்ளை, முப்பதாம் வயதில் பிரான்ஸ் தேசத்தையே தன் கைக்குள் கொண்டுவந்த கதையைத் தக்க அபிநயங்களுடன் சொல்லிக்கொண்டிருந்தோம். எகிப்தில் தன் ஸைன்யத்தை விட்டுவிட்டு, இங்கிலீஷ்காரரின் கப்பல்களுக்குத் தப்பிக் கடல் கடந்து, அவன் பாரிஸ் வந்து சேர்ந்த தேதியைப் பலகையில் எழுதினோம்: 1799, அக்டோபர் 16.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். தினந்தோறும் கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவன்.

"சார், அது எங்கள் ஊர்த் தேதி" என்றான்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

"கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட நாள், சார். வருஷா வருஷம் சிலைக்கு மாலை போடுவார்கள்."

நம்முடைய சிரிப்பு நின்றது. இரண்டு தேதிகளையும் தனித்தனியே எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். பிரெஞ்சுப் பாடம் ஒரு புத்தகத்தில், பாளையக்காரர் பாடம் வேறொரு புத்தகத்தில் இருந்தபடியால், இரண்டும் ஒரே பகலில் நடந்தவை என்பது நமக்கு உறைக்கவேயில்லை. அந்தச் சனிக்கிழமையே, தமிழாசிரிய நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கயத்தாற்றுக்குப் புறப்பட்டோம்.

கோவிற்பட்டியைத் தாண்டித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இருபுறமும் கரிசல். தஞ்சாவூர்க்காரர்கள் இந்தப் பூமியைப் பார்த்தால் ஏதோ எரிந்துபோன காடு என்று நினைப்பார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இந்த மண், மழை பெய்தால் உப்பி ஒன்றாகி, நீரைத் தன்னுள் நெடுநாள் தேக்கிக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தியும் உளுந்தும் பாசியும் சோளமும் இங்கே விளைகின்றன. இந்த மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்கென்றே கோவிற்பட்டியில் 1901-ல் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இந்நாளில் கயத்தாற்றை நெருங்க நெருங்கப் புன்செய் நடுவே காற்றாலைகள் பெரிய பெரிய கைகளை வீசிக்கொண்டு நிற்கின்றன.

வழியில் இறங்கித் தேநீர் அருந்தியபோது, சாலையோரக் காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மண்ணில் ஈரமும் இல்லை. வரப்பில் நின்ற முதியவரை நண்பர் கேட்டார்:

"பெரியவரே, மழைக்கு முன்னாலேயே விதைக்கிறீர்களே! மழை தவறினால் விதை என்ன ஆகும்?"

"புழுதி விதைப்பு, சார். மண்ணுக்குள்ள கிடக்கும். சும்மா ஒரு தூத்தலுக்கு முளைச்சிரக் கூடாதுன்னுதான் ஆழமாப் போடுதோம். நல்ல மழை பெஞ்சு உள்ளவரைக்கும் ஈரம் இறங்கினா முளைக்கும். அவசரப்பட்டு முளைச்சா அடுத்த வெயில்ல கருகிரும்லா!"

அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

கயத்தாற்றில் சாலையோரமாகவே கட்டபொம்மன் சிலை நிற்கிறது. கட்டபொம்மனாக நடித்து, 1959-ல் வெளிவந்த படத்தினால் அவன் பெயரைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பிய சிவாஜி கணேசன் நிறுவிய சிலை அது. லாரிகள் இரைந்துகொண்டு போகும் அவ்விடத்தில் நின்று, அந்த நாளை மனக்கண்முன் கொண்டுவர முயன்றோம்.

நவாபுடன் 1792-ல் செய்துகொண்ட உடன்படிக்கையினால், பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பெனிக்கு வந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் கும்பெனிக்கும் தகராறு முற்றியது அதன் பிறகுதான். 1798-ல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினான். 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து மைசூர் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினான். இங்கிலீஷ்காரரின் பிடியிலிருந்து உம்மை விடுவிக்கப் பெருஞ்சேனையுடன் வருகிறேன் என்பது அதன் சாரம். கடிதம் திப்புவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழியிலேயே இங்கிலீஷ்காரரிடம் சிக்கியது. கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்கு மைசூரை ஒழித்துவிட இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்திலேயே உயிர் நீத்தான். மைசூர் யுத்தத்துக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைக்கப்பட்டிருந்த பட்டாளங்களுக்கு இப்போது வேலை ஓய்ந்தது. செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முன் நின்றான்.

ஆக, கெய்ரோவில் எழுதிய கடிதத்துக்கும் கயத்தாற்றுப் புளியமரத்துக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. நெப்போலியன் வாக்களித்த சேனை வரவேயில்லை. அந்த வாக்கினால் விழித்துக்கொண்ட எதிரியின் சேனைதான் வந்தது.

கோட்டையிலிருந்து தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, பானர்மன் விசாரணை என்று ஒன்றை நடத்தித் தண்டனையையும் அன்றைக்கே நிறைவேற்றினான். மறுநாள் அவன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கட்டபொம்மன் சிறிதும் அஞ்சவில்லை என்றும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை ஏளனத்துடன் நோக்கினான் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது வலத்திலும் இடத்திலும் நின்றவர்கள்மீது வெறுப்புப் பார்வை வீசிக்கொண்டே சென்றான் என்றும் தூக்கிலிட்டவனே எழுதி வைத்திருக்கிறான். பகைவன் கொடுத்த இந்த நற்சாட்சிக்கு மேல் புகழ் மாலை எதற்கு?

அன்றைக்குப் பாரிஸ் நகரம் நெப்போலியனைக் கொண்டாடியது. நவம்பர் 9-ந் தேதி அவன் ஆட்சியைக் கைப்பற்றினான். 1804 டிசம்பர் 2-ந் தேதி போப்பாண்டவரை அருகில் வைத்துக்கொண்டு, தன் முடியைத் தானே சூட்டிக்கொண்டான். அடுத்த வருஷம் அதே தேதியில், ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ருஷ்ய, ஆஸ்திரியச் சக்கரவர்த்திகளை ஒருசேர முறியடித்தான். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று நூல் வகுத்தான். அவனுடைய திறமை பொய்யல்ல; நாம் படம் ஒட்டியதற்கும் காரணம் இல்லாமலில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் சென்றோம். 1872-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பெற்றெடுத்த ஊர் அது. அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இப்போது அங்கே காணும் கோட்டை, தமிழ்நாடு அரசாங்கம் 1974-ல் எழுப்பிய நினைவுச் சின்னம். பழைய கோட்டை கல்லால் ஆனதன்று. இந்த மண்ணால் ஆனது. அதைக் கும்பெனியார் ஒரு முறை அல்ல, இரண்டு முறை தரைமட்டமாக்க வேண்டியிருந்தது.

1799-ல் கோட்டையை இடித்துவிட்டு, காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி, கட்டபொம்மனுடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். சில தினங்களுக்குள் பட்டாளம் வந்து பார்த்தபோது, இல்லாத கோட்டை எழுந்து நின்றது! மார்ச் 31-ந் தேதி அதைத் தாக்கிய வெள்ளையர் பெரும் நஷ்டத்துடன் திரும்பினர். புதிய சேனைகளும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, மே 24-ந் தேதிதான் கோட்டை பிடிபட்டது.

அந்தப் போரில் எதிர்ப்பக்கத்தில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். கோட்டை வீழ்ந்த பின், ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு போர்க்களத்துக்கு வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டு தூக்கப் போனாள். 'என்னை விட்டுவிடு; அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்று' என்றான் மகன். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. தாய் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊமைத்துரையை எடுத்துச் சென்றாள். தேடிக்கொண்டு ஆட்கள் வந்தபோது, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று துணியால் மூடி அழுதார்களாம். வந்தவர்கள் பயந்து விலகினார்களாம்.

இந்தக் கதையை நண்பர் உரக்கச் சொல்ல, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்திருந்த கரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பீரங்கி கொண்டு கோட்டையைப் பிடிக்கலாம். அந்தத் தாயை எந்தப் பீரங்கியால் பிடிப்பது?

நெப்போலியனுக்கு விளங்காமற்போனதும் இதுதான். 1802-ல் அவன் அனுப்பிய பெருஞ்சேனை கடல் கடந்த ஹெய்ட்டித் தீவில் வந்து இறங்கியது. விடுதலை பெற்றிருந்த கறுப்பு மக்களைப் பழையபடி அடக்குவதே நோக்கம். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு அதே வருஷத்தில் மறுபடியும் சட்டம் செய்தான். அவர்கள் தலைவர் தூஸான் லூவர்த்யூரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்ஸில் ஒரு குளிர்க் கோட்டையில் அடைத்தான். அவர் 1803-ல் அங்கேயே மாண்டார். தலைவன் போனால் ஜனங்கள் அடங்குவார்கள் என்பது பானர்மன் கணக்கு. நெப்போலியன் கணக்கும் அதுவே. 1804 ஜனவரி 1-ந் தேதி ஹெய்ட்டி சுதந்திர நாடாயிற்று. திப்பு உயிரோடிருந்து, பிரெஞ்சுச் சேனையும் வந்திருந்தால் நமக்கு விமோசனம் கிடைத்திருக்குமே என்று ஏங்குவோருக்கு ஹெய்ட்டியே விடை சொல்லும்.

அதன்பின் 1808-ல் ஸ்பெயின். அரசனை நீக்கித் தன் அண்ணனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். அந்நாட்டுக் குடியானவர்களும் பாதிரிகளும் புதரிலும் மலையிலும் மறைந்து நின்று போரிட்டனர். 1812-ல் ருஷ்யா. ஏறக்குறைய 6 லட்சம் பேருடன் புகுந்தான். மாஸ்கோ கிடைத்தது, ஆனால் எரிந்த நகரமாகக் கிடைத்தது. மீண்டவர்கள் மிகச் சொற்பம். எகிப்தில் செய்தபடியே, அங்கும் ஸைன்யத்தை விட்டுவிட்டு முன்னதாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தான்.

அந்த 6 லட்சத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பிரெஞ்சுக்காரர் அல்லர். தோற்ற அரசர்களும், அவன் தயவில் முடி தரித்த அரசர்களும் அனுப்பியவர்கள். கயத்தாற்றில் வலத்திலும் இடத்திலும் நின்றவர்களைப் போல, அச்சத்தாலும் ஆசையாலும் நின்றவர்கள். அத்தகையோர் நிற்கும் வரையில் வெற்றி வீரனுக்குத் தன் எல்லை தெரிவதில்லை. அவர்கள் விலகும்போது அவனுக்கு நிற்க இடமிருப்பதில்லை. அவர்கள் விலகிய இடம் ஜெர்மனியில் லைப்ஸிக். போர் மூண்டது 1813-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி! போர் நடுவிலேயே ஸாக்ஸன் படைகள் எதிர்ப்பக்கம் சேர்ந்தன. நெப்போலியன் படுதோல்வி அடைந்தான்.

கடைசியில், 1815 ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூவில் அவனை வீழ்த்தியவன் ஆர்தர் வெல்லெஸ்லி. நம் கவர்னர் ஜெனரலின் தம்பி. ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவன். முந்தின இரவு கொட்டிய மழையில் களம் சேறாகி, பீரங்கிகளை நகர்த்த முடியாமல் நெப்போலியன் முற்பகல் வரை தாமதித்தான் என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வென்ற கும்பெனி மட்டும் தன் அளவை அறிந்ததா? 1801 நவம்பரில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டுவிட்டு, இனி எதிர்ப்பில்லை என்றது. 1857-ல் அதன் சொந்தச் சிப்பாய்களே திரும்பினார்கள். மறு வருஷம் கும்பெனி ஆட்சி மறைந்தது. 1947-ல் வெள்ளையர் ஆட்சியே மறைந்தது.

மாலையில் எட்டயபுரம் வழியாகத் திரும்பினோம். கட்டபொம்மன் ஏளனமாகப் பார்த்த அதே எட்டயபுரத்தில்தான் 1882-ல் பாரதியார் பிறந்தார். ஆழத்தில் கிடந்த விதைக்கு ஈரம் இறங்க எண்பது வருஷம் ஆயிற்று போலும் என்றார் நண்பர். ஊர் எல்லையில் பிடித்த மழை கோவிற்பட்டி வரை விடவில்லை. வீட்டுப் படியேறும்போது செருப்பில் அரை வீசை கரிசல் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குச் சென்றதும், கயத்தாற்றுப் பையனைக் கூப்பிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தோம். 1799 அக்டோபர் 16, பாரிஸ் என்று நாம் எழுதியிருந்த வரிக்குக் கீழே, 'அதே நாள், கயத்தாறு' என்று அவன் எழுதினான். அதற்கும் கீழே, 'லைப்ஸிக், 1813' என்று நாம் எழுதினோம்.

"நெப்போலியன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் ஐந்து, அப்படித்தானே, சார்?" என்று முதல் வரிசைப் பையன் கேட்டான். பரீட்சைக்கு ஐந்துதான் என்றோம். மற்றதைச் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் அங்கிருந்தே தொடங்கினோம்.