யோபுவின் பொறுமையும் யோபுவின் வழக்கும்

துன்பகாலத்தைக் குறித்த பிரசங்கங்களில் யோபுவின் பெயர் அடிக்கடி ஒலிக்கும். காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என நீளும் கேரள எல்லையோர ஊர்களின் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. சொத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த பின்னும் வாய் திறவாமல் பொறுத்தவர் என்பதே அவரைப் பற்றி விசுவாசிகளின் மனத்தில் பதிந்துள்ள சித்திரம். ஆனால் 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் இச்சித்திரம் பொருந்துவது முதல் இரண்டு அதிகாரங்களுக்கு மட்டுமே. மூன்றாம் அதிகாரத்தில் யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். பின்னர் கடவுளிடமே வழக்காடுகிறார். தம் சொற்கள் ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்கிறார். தம்மேல் குற்றம் உண்டானால் அது எழுத்தில் தரப்படட்டும் என்கிறார்.

பெருங்காற்றிலிருந்து பேசும் கடவுள் யோபுவைக் கேள்விகளால் தாழ்த்துகிறார் என்பது உண்மை. எனினும் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் யோபுவே என்று முடிவில் தீர்ப்பளிக்கிறார். கண்டிக்கப்படுபவர்கள், ‘நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம்’ என்று விளக்கம் சொன்ன எலிப்பாசும் பில்தாதும் சோப்பாருமே. நம்பிக்கையும் முறையீடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நூல் இவ்வாறு உறுதிசெய்கிறது. தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றை இந்த வெளிச்சத்தில் வாசிப்பது பயனுடையது.

இம்மண்ணில் யோபுவின் கதைக்குத் தனி இடம் உண்டு. மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றியவர். குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளால் கலங்கியிருந்த அவருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனபோது அவருடைய துன்பம் குறையவில்லை, கூடியது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நம்பிக்கை இழப்புகளுக்கு ஈடு தரும் ஒப்பந்தமன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் துன்பம் ஒரு சமூகம் முழுவதற்குமானது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி 1859வரை நீண்டது. 1858இன் இறுதியில் வன்முறை மீண்டும் மூண்டபோது தென் திருவிதாங்கூரின் பல ஊர்களில் பெண்கள் தாக்கப்பட்டார்கள். ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. பாறசாலை அன்று லண்டன் மிஷனின் நிலையங்களுள் ஒன்று. இதையும் கடவுளின் சோதனை என்று ஏற்று அமைதி காத்திருக்கலாம். ஆனால் முறையீடுகள் எழுந்தன. மன்னருக்கும் திவானுக்கும் மனுக்கள் சென்றன; சென்னை ஆளுநர் டிரெவெலியன்வரை செய்தி எட்டியது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் அரசாணை வெளியிட்டார். உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை அதிலும் எஞ்சியிருந்தது. ஆயினும் அரைகுறையான அந்த நீதியும் மனு எழுதியதால் வந்ததே.

இதே காலத்தில் மற்றொரு வழியும் திறந்திருந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி, பின்னல் சரிகை வேலையையும் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த சில பெண்கள் அந்த வேலையில் ஈட்டிய காசைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அந்தப் பெண்கள் அதுவரை காத்திருக்கவில்லை. செபமும் ஊசியும் அவர்கள் கையில் ஒருங்கே இருந்தன.

இவையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாதபடி 2017 நவம்பர் 30 வந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோரக் கடைசி ஊர் பொழியூர். அதை அடுத்த நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அங்கிருந்து தூத்தூர்வரையிலான கடற்கரைப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்திற்கு உட்பட்டவை. ஒக்கி புயல் குறித்த எச்சரிக்கை கரைக்கு வந்தபோது ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே தொலைவில் இருந்தார்கள். மாண்டவர் எத்தனை பேர், காணாமற்போனவர் எத்தனை பேர் என்பதில் அரசுகள் சொன்ன கணக்கும் பங்குகள் வீடுவீடாகச் சேகரித்த கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆலயங்களில் திருப்பலியும் செபமாலையும் நடந்தன. பெயர்ப் பட்டியலும் எழுதப்பட்டது. டிசம்பர் 7 அன்று கடலோர மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, காணாமற்போனவர்களைத் தேடுமாறு கோரினார்கள்.

உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத, சட்டம் பொதுவாக ஏழாண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. அந்த ஏழாண்டுகளும் அடுப்பு எரிய வேண்டுமே! பின்னர் விதி தளர்த்தப்பட்டுக் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கும் இழப்பீடு கிடைத்தபோது, அந்தப் பெயர்ப் பட்டியலின் பொருள் விளங்கியது. தம் சொற்கள் எழுதப்பட வேண்டும் என்று யோபு கேட்டதும் இதைத்தான்: இழந்தவனின் கணக்கு அழிந்துவிடக் கூடாது.

மனு எழுதித் தீராத துன்பங்களும் உண்டு. புற்றுநோய்க்கு மனு எழுத முடியாது. கடல் கொண்ட மகனை எந்த அரசாணையும் திருப்பித் தராது. அங்கும் திருமறை வாயடைக்கச் சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. ‘எதுவரைக்கும்?’ என்று கேட்பவன் நம்பிக்கையை இழந்தவனல்லன். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன். அத்தகையவன் அருகில் நிற்பவர்களுக்கும் யோபுவின் நண்பர்களிடமே ஒரு பாடம் உண்டு. அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது, முதல் ஏழு நாள்கள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே பிழைபட்டார்கள்.

ஆகவே துன்புறுவோரிடம் பொறுமையைப் போதிக்குமுன் ஒரு கேள்வி எழ வேண்டும்: இத்துன்பம் மனிதர் செய்ததா, மனிதரால் மாற்றக்கூடியதா? ஆம் எனில் சபையின் கடமை மனு எழுதுவதும் பட்டியல் எடுப்பதும் பள்ளி திறப்பதும். இல்லை எனில் அதன் கடமை உடன் அமர்ந்து அழுவது. இரண்டும் செய்யாமல் பொறுமையை மட்டும் போதிக்கும்போது, சபை எலிப்பாசின் இடத்தில் நிற்கிறது.