வழிதவறிய கல்லும் வழிகண்ட பொறியாளரும்

பின்லாந்தை ஏரிகளின் நாடு என்பர். அதன் கிழக்குப் பகுதியில் காடுகள் சூழ அமைந்துள்ள சிற்றூர் அவுட்டோகும்பு. அந்நாட்டு மொழியில் இப்பெயருக்கு 'விந்தைக் குன்று' என்பது பொருள். இக்குன்றின் கதையை அறிய நாம் முதலில் செல்லவேண்டிய இடம் குன்று அன்று. அதற்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிவிசல்மி என்னும் நீரிணையே.

1908-ஆம் ஆண்டில் அந்நீர்வழியை ஆழப்படுத்தியபோது பெரும் பாறாங்கல் ஒன்று வெளிப்பட்டது. அதில் செம்புத்தாது செறிந்திருந்தது. அக்கல் எங்கிருந்து வந்தது?

புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய சுரங்கப் பொறியாளர் ஓட்டோ டிரூஸ்டெட் இவ்வினாவை விடாது பற்றிக்கொண்டார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டை மூடியிருந்த பனிப்படலம் அப்பகுதியில் தென்கிழக்கு நோக்கி நகர்ந்தது. நகர்கையில் பாறைகளைப் பெயர்த்து உடன் இழுத்துச் சென்றது; தான் சென்ற திசையை அடிப்பாறைகளில் கீறல்களாகப் பதித்தும் வைத்தது. அக்கீறல்களை வழிகாட்டியாகக் கொண்டு, கல் வந்த வழியே அவர் வடமேற்கு நோக்கித் தேடிச் சென்றார். தாதுவோடு ஒட்டியிருந்த குவார்ட்சைட்டு என்னும் பாறைவகை எங்கெங்கு உள்ளது என்றும் ஆராய்ந்தார். ஈராண்டு உழைப்பு வீண்போகவில்லை. 1910 மார்ச் மாதத்தில், விந்தைக் குன்றின் நிலத்தைத் துளையிட்ட பொறி செம்புத்தாதுவைத் தொட்டது.

காடாயிருந்த இடத்தில் சுரங்கம் எழுந்தது. அதனைச் சுற்றி ஊரும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பின்லாந்தில் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தாதுவை மின்சாரத்தால் உருக்குவது அரிதாயிற்று. இந்நெருக்கடியே புதுவழி ஒன்றைப் பிறப்பித்தது. உலர்ந்த தாதுப்பொடியைக் காற்றோடு உலைக்குள் செலுத்தினால், அதிலுள்ள கந்தகமே எரிந்து உருக்குவதற்கான வெப்பத்தைத் தருகிறது. 1949-இல் ஹர்யவல்தா என்னுமிடத்தில் சுரங்க நிறுவனம் செயற்படுத்திய இம்முறை, பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

1989-இல் அவுட்டோகும்புச் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு தலைமுறை தந்தையர் இறங்கிய சுரங்கத்தில் மைந்தரும் இறங்கிய காலம் முடிவுற்றது. இன்று பழைய சுரங்கம் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தோண்டத் தோண்டத் தாது குறைந்தே தீரும். ஆனால் அவ்வூரை உருவாக்கிய பொறுமையும், நெருக்கடியில் பிறந்த அறிவும் சுரங்கத்தோடு மூடப்படவில்லை. நிலத்தடியிலுள்ள செல்வம் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. எடுத்த வினாவிற்கு விடை காணும்வரை தளராத உள்ளத்தையோ எவ்வூரிலும் நம் பிள்ளைகளிடம் வளர்க்கலாமன்றோ?